யோம் கிப்பூர்: நோயாளிக்கு உண்பதே கடமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பைப் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘நோயாளிகள் விரும்பினால் நோன்பை விட்டுவிடலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அது தவறு. உயிருக்கு ஆபத்து என்றால் உண்டே ஆக வேண்டும். பிடிவாதமாகப் பட்டினி கிடப்பதுதான் யூத நெறியை மீறுவது.

நோன்பு கடுமையானதுதான். யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 9ஆம் நாள் சூரியன் மறையுமுன் தொடங்கி, மறுநாள் இருட்டி நட்சத்திரங்கள் தெரியும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. குளியல், எண்ணெய்ப் பூச்சு, தோல் செருப்பு, தாம்பத்தியம் ஆகியவையும் விலக்கு. இவ்வளவு கண்டிப்பான நாளிலும் நோயாளி ‘என்னால் தாங்காது’ என்றால், மருத்துவர் மறுத்தாலும் நோயாளியின் பேச்சே செல்லும் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத். நோயாளி உண்ண வேண்டாமென்றும் மருத்துவர் உண்ண வேண்டுமென்றும் சொன்னால், மருத்துவர் பேச்சே செல்லும்.

உண்பதற்கும் ஓர் அளவுமுறை உண்டு. ஆபத்து உடனடியாக இல்லாவிட்டால், ஒரு கன்னம் நிறையும் அளவுக்குக் குறைவாகக் குடித்து, சுமார் 9 நிமிடம் விட்டு மீண்டும் குடிப்பார்கள். பெரியவர்களுக்கு இது சுமார் 40 மில்லி லிட்டருக்குள் அடங்கும். வாய் ஆளுக்கு ஆள் மாறுவதால் முதல் நாளே அளந்து, சிறு குவளையில் கோடு போட்டு வைப்பது நல்லது. திட உணவு என்றால் ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம். மயக்கம் வருமளவு நிலைமை முற்றினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தேவைப்படும் அளவுக்கு உண்ண வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சரிந்துவிடும். முதல் வகை நீரிழிவுக்காரர் ஊசியை அடியோடு நிறுத்தினாலோ அதைவிட ஆபத்து. ஆரோக்கியமானவர்களுக்கு வரும் தலைவலிக்குப் பல நேரம் காபியே காரணம். சில நாள் முன்பிருந்தே படிப்படியாகக் குறைத்தால் அது தணியும். கடைசி உணவில் உப்பும் காரமும் தூக்கலாக இருந்தால் இரவிலேயே தாகம் வாட்டும்.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. மனிதருக்குச் செய்த தீங்கு, அவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூரால் தீராது என்கிறது தால்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. எடுத்ததைத் திருப்பித் தந்து, நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்; மறுத்தால் மூன்று முறைவரை போக வேண்டும். ‘தெரிந்தோ தெரியாமலோ செய்திருந்தால்’ என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது இதற்கு ஈடாகாது. இந்த வேலை நோன்பு தொடங்குமுன் முடிய வேண்டியது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்