ப்ராஜெக்டை ஒழிக்க வேண்டாம், ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுதாகப் படிக்க வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகவியல் மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வெறும் சடங்காகிவிட்டது, அதை எடுத்துவிட்டு இன்னொரு தாளைச் சேர்த்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குறைகளைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அதற்காக ப்ராஜெக்டையே எடுத்துவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை வட்டாரத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நகைக்கடன், பயிர்க்கடன், டெபாசிட், பொதுக்குழு, தணிக்கை என்றே என் காலம் போனது. மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையினர் சில ஆண்டுகளாக, மாணவர் குழுக்களின் வாய்மொழித் தேர்வு நாளில் என்னையும் அழைத்து உட்காரவைக்கிறார்கள். அங்கே கண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

மேசையில் அடுக்கியிருக்கும் அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. கருநீல ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, உள்ளே ‘வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு’. ஐம்பது பேரிடம் வினாத்தாள் கொடுத்ததாகச் சொல்லும் அத்தியாயம், சதவீத அட்டவணைகள், வட்ட வரைபடங்கள், ‘பெரும்பாலோர் திருப்தி அடைந்துள்ளனர்’ என்ற முடிவு. நாகர்கோவில் வங்கிக் கிளை ஒன்றைப் பற்றிய அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் திடீரென்று ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகள் வந்தார்கள். இவர்கள் யார் என்று கேட்டேன். குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறிக்கையைத் தயாரித்துத் தருவதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ரப்பர் பால் வெட்டிச் சம்பாதித்த பணத்திலிருந்து ஒரு தகப்பன் அந்தக் கடைக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. படிக்கவே தேவையில்லாத ஒரு வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஏன் படிக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

கடந்த முறை ஒரு குழு வேறு மாதிரி வந்தது. அவர்களின் வழிகாட்டி ஆசிரியை வினாத்தாளே கூடாது என்று சொல்லிவிட்டாராம். நிதிச் சந்தையையோ வங்கிகளையோ பற்றி வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைக் குழுவாக முழுவதும் படிக்க வேண்டும். அது என்ன சொல்கிறது, எதை ஆதாரமாகக் காட்டுகிறது, யார் அதை மறுத்தார்கள், நம் ஊரில் அது செல்லுமா என்று ஆளுக்கொரு பகுதியாகப் பேச வேண்டும். அந்தக் குழு எடுத்தது ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-ல் எழுதிய கட்டுரை. பழைய கார் விற்பவனுக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் அவன் நல்ல விலை தரத் துணியமாட்டான், சந்தையில் நல்ல கார் நிற்காது என்று விளக்குகிற கட்டுரை. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. அதை எழுதியவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கார் கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி பக்கத்தைப் புரட்டி, இதே கட்டுரையில் இந்திய வட்டிக்காரர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது என்றாள். நகரத்துப் பெரிய வங்கிகள் 6, 8, 10 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கும் நாட்டில், உள்ளூர் வட்டிக்காரர் 15, 25, ஏன் 50 சதவீதம் கூட வாங்குகிறாரே, நகரத்துப் பணத்தைக் கொண்டுவந்து நடுவில் ஒருவர் குறைந்த வட்டிக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தால், வட்டிக்காரர் வேண்டாம் என்று கழித்த ஆட்களெல்லாம் அவரிடம்தான் வந்து சேருவார்கள். கடனை வசூலிக்க வழி இருக்க வேண்டும், அல்லது கடன் வாங்குகிறவனின் குணம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் கடன் நடக்காது என்கிறார் அக்கர்லோஃப். கூட்டுறவு இயக்கத்தையும் அங்கே குறிப்பிடுகிறார். ஜாமீன் கையெழுத்துக்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு கல்லூரி மாணவி எனக்கே விளக்கிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்துப் பேசியவன் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பையன். “சார், எங்கள் கரையில் வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் ஏலக்காரர் அட்வான்ஸ் தருவார். வட்டி என்று ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் வழியாகத்தான் ஏலம் விட வேண்டும். தினமும் எவ்வளவு மீன்பாடு கிடைத்தது என்று அவர் கண்ணாலேயே பார்க்கிறார். கமிஷனையும் அங்கேயே பிடித்துக்கொள்கிறார். இந்தக் கட்டுரை கேட்கிற இரண்டும் அவரிடம் இருக்கின்றன” என்றான். அப்படியானால் மீனவர் சங்கம் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டேன். சங்கமே ஏலத்தை நடத்தி, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும் இன்னொரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்கிறது, வெறும் வலையோடு திரும்பும் நாளில் தவணையும் கிடையாது என்று பதில் வந்தது. கடனை வசூலிக்கும் வழி இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? சேலை முந்தானையில் முடிந்துவைத்த சில்லறையைப் போல, அந்தப் பையனிடம் இந்த அறிவு முன்பே இருந்தது. அதை வெளியே எடுக்க ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டியிருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். மாவட்டத்திலுள்ள எல்லா வணிகவியல், பொருளியல் துறைகளும் குழு ப்ராஜெக்டை இந்த வழிக்கு மாற்ற வேண்டும். கட்டுரை வெளிநாட்டில் எழுதப்பட்டதாக இருக்கலாம். உரசிப் பார்க்க நம் மாவட்டத்தில் ஏராளமாக இருக்கிறது.

டக்ளஸ் டயமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் 1983-ல் வங்கி ஓட்டத்தைப் பற்றி, அதாவது டெபாசிட் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுவதைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்கள் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்றே போதும், நன்றாக நடக்கிற வங்கியும் விழுந்துவிடும் என்பது அதன் சாரம். 2022-ல் பென் பெர்னான்கியோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் கிடைத்தது. நம் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு அமெரிக்காவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். 1937-ல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அது உள்ளே கெட்டுப்போய் விழுந்ததா, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசுக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த பகையால் விழுந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1962 ஜனவரி முதல் இந்தியாவில், வங்கி விழுந்தாலும் டெபாசிட் போட்டவருக்கு ஒரு வரம்பு வரை பணம் தரும் டெபாசிட் காப்பீடு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் காப்பீடு வணிக வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. நான் வேலை பார்த்ததைப் போன்ற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் டெபாசிட்டுக்குக் கிடையாது. நிதி நிறுவனங்களுக்கும் சீட்டு நிறுவனங்களுக்கும் கிடையாது. படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. எல்லையோரத்தில் ஒரு சீட்டு நிறுவனம் திடீரென்று கதவை மூடியபோது, நம் மாவட்டத்து மக்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதை நேரில் பார்த்தவன் நான். அப்படி நின்ற வீடுகளின் பிள்ளைகள்தான் ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சீட்டைப் பற்றியும் நல்ல ஆய்வுகள் உண்டு. 1993-ல் ஏலத் தள்ளுபடிக்கு, அதாவது சீட்டை ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு, 30 சதவீத உச்சவரம்பு வந்தபோது யார் யார் எந்தச் சீட்டில் சேர்ந்தார்கள் என்பதை, சென்னைச் சீட்டுகளின் கணக்கை வைத்து ஜான் ஏக்ஹவுட்டும் கைவன் முன்ஷியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அம்மா கட்டும் சீட்டுக் கணக்கு எந்த வீட்டில் இல்லை?

பங்குச் சந்தைக்கு வருகிறேன். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் கணக்கை எடுத்துக்கொண்டது. அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்த காலத்தில், சந்தை 17.9 சதவீதம் கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும், விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது. கைபேசியில் ஆப்ஷன்ஸ் வாங்கும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் அட்டவணை அட்டவணையாகப் படித்த மாணவன், வாட்ஸ்அப்பில் வரும் ‘டிப்ஸ்’ஸை நம்பி வீட்டு நகையை அடகு வைப்பதற்கு முன்னால் ஒரு முறையாவது தயங்குவான்.

கடன் தள்ளுபடியை நான் தொட்டால் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். 2008-ல் மத்திய அரசு செய்த தள்ளுபடியைச் சேவியர் ஜினேயும் மார்ட்டின் கான்ஸும் ஆராய்ந்து, அதற்குப் பிறகு கடன் திரும்பி வருவது மோசமானது என்று எழுதினார்கள். 2021-ல் நம் மாநிலத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது, ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியும் வந்தது. நம் சங்கங்களில் என்ன நடந்தது? விவசாயியின் கஷ்டத்தையும் அருகில் இருந்து பார்த்தவன் என்பதால், இதற்கு நான் ஊகத்தில் பதில் சொல்ல மாட்டேன். சங்கங்களின் ஆண்டறிக்கையை எடுத்து ஒரு மாணவர் குழு பார்க்கட்டும்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்பார்கள். கடினம்தான். அந்தக் குழுவும் திணறியிருக்கிறது. முன்னுரையையும் முடிவையும் வரி வரியாகப் படித்தார்கள், கணிதப் பகுதியை ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், தேர்வறையில் தமிழில் பேசினார்கள். பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் உழைக்க நால்வர் கையெழுத்துப் போடுவதற்கும் வழி இருக்கிறது. யார் எந்தப் பகுதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தேர்வறையில் சீட்டுக் குலுக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குளச்சல் பையன் போகும்போது என்னிடம் இன்னொரு கட்டுரையைப் பற்றிக் கேட்டான். வட கேரளத்தில் கைபேசி வந்த பிறகு மீனவர்கள் கடலில் இருந்தே விலை விசாரித்து நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் போனார்கள், அவர்களின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் 2007-ல் எழுதியது. “அட்வான்ஸ் வாங்கியவன் எப்படி சார் வேறு கரைக்குப் போவான்?” என்றான். அந்தக் கட்டுரையைப் பின்னால் வந்த ஆய்வாளர்களும் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அடுத்து வரும் மாணவர்களில் ஒரு குழு முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் இதை விசாரிக்கட்டும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மாவட்டத்துக் கல்லூரிகளும், புதிய பருவத்துக்கான ப்ராஜெக்ட் தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன்னால் இதைப் பரிசீலிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களையும் மீனவர் சங்க நிர்வாகிகளையும் அழையுங்கள், வருவார்கள். கூட்டுறவுச் சங்கங்கள், பொதுக்குழுவில் வைத்த ஆண்டறிக்கைகளைக் கேட்டு வரும் மாணவர்களைத் திருப்பி அனுப்பாமல் உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்று இன்று பொறுப்பில் இருக்கும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.