தெரிந்த கம்பி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மருந்தடிப்பு வேலை நெருக்கியதால் உடனே பதில் போட முடியவில்லை. சின்னவன் ஹெலிகாப்டர் ஓட்ட உரிமம் வாங்கிவிட்டான், இங்கே ஆஸ்திரேலியாவில் வயலுக்கு மருந்தடிக்க வரப்போகிறான் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் தரையில் மருந்து கலந்து டேங்க் நிரப்புகிறவன்தான். ஆனாலும் எட்டு வருஷமாகக் கூடவே இருந்து பார்க்கிறேன். இஞ்சின் நின்றுவிடுமோ என்று கேட்டிருந்தாய். அதுவும் உண்டு, பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் பறக்கிறவனுக்குச் சமாளித்து இறக்க உயரமும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் அதைவிடப் பயப்படுவது மின்கம்பிக்கு. நாட்டுப்புறத்தில் பல இடங்களில் ஒரே ஒரு கம்பிதான் போகும். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நூறு மீட்டர். பழைய கம்பி மங்கிப்போய்ப் புல்லோடும் மண்ணோடும் கலந்துவிடும். அதனால் பைலட்டுகள் கண்ணால் தேடுவது கம்பியை அல்ல, கம்பத்தை.

இதைவிட என்னை உலுக்கியது ஒன்று. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வில், விவசாய விமானங்கள் கம்பியில் மோதிய சம்பவங்களில் 63 சதவீதத்தில், அங்கே கம்பி இருப்பது பைலட்டுக்கு முன்பே தெரியும் என்று வருகிறது. தெரியும், ஆனால் அந்த நொடியில் ஞாபகமில்லை.

போன வருஷம் எங்கள் பைலட் பையன் ஒருவனுக்கு இப்படி நடந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். காலையில் வரைபடத்தில் வயலோரக் கம்பியைக் குறித்தவனே அவன்தான். பாதி வேலையில், ஓரத்துத் துண்டை விட்டுவிடு என்று ரேடியோவில் சொன்னார்கள். கவனம் அங்கே போய்விட்டது. கடைசியில் விட்டுப்போன இடத்தை அடிக்கத் திரும்பியவன் கம்பிக்கு நேராகப் போனான். எப்படியோ கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பினான். இறங்கி வந்து லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறக்க அவன் கை ஒத்துழைக்கவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

அப்புறம், ஹெலிகாப்டரின் மேலே ரோட்டர் விசிறி சுற்றும்போதே டேங்க் நிரப்பும் வழக்கமும் உண்டு. வால் பக்கம் யாரும் போகக் கூடாது; அங்கே சுற்றும் விசிறி கண்ணுக்கே தெரியாது.

வேலையில் சேரும் முன் சின்னவன் இரண்டு விஷயம் கேட்கட்டும். வயலுக்கு வயல் கம்பி வரைபடம் தருவார்களா? நடுவில் திட்டம் மாறினால், மேலே ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி அடிக்க நேரம் விடுவார்களா? இரண்டாவதற்கு அவர்கள் தயங்கினால் எனக்கு உடனே போன் செய்யச் சொல். ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ராஜு