டிவியைக் குறை சொல்லும் முன் செட்டிங்ஸைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எச்டி டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து கேம் ஆடிப் பார்த்துவிட்டு, எழுத்து மங்கல், மவுஸ் இழுக்கிறது, இது சரிப்படாது என்று புது மானிட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. செலவு செய்யும் முன் ரிமோட்டைக் கையில் எடுங்கள். சினிமா பார்ப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் அமைப்புகள்தான் பெரும்பாலும் கேமுக்கு இடைஞ்சல்.

முதல் தொல்லை தாமதம். டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. புள்ளிகளைத் துடைத்து, விளிம்பைக் கூராக்கி, அசைவு வழுக்கிச் செல்வதற்காக நடுவில் தானே பிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, தயாரித்துச் செருகுகிறது. அப்படிச் செருக, அடுத்த பிரேம் வரும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படம் என்ற வேகத்தில், ஒரு பிரேம் என்பது 16.7 மில்லி விநாடி; நாலைந்து பிரேம் தேங்கினால் தாமதம் 80-ஐத் தொட்டுவிடும். மவுஸை வேகமாகச் சுழற்றிச் சட்டென்று நிறுத்துங்கள். கை நின்ற பிறகும் கர்சர் நகர்ந்தால் கோளாறு இதுதான். டிவி மெனுவில் கேம் மோடு போட்டால் இந்த வேலைகளில் பெரும்பாலானவை நின்று, பல டிவிகளில் தாமதம் 20 மில்லி விநாடிக்குள் வந்துவிடும். சில டிவிகளில் எச்டிஎம்ஐ கேபிள் செருகும் ஒவ்வொரு இன்புட்டுக்கும் கேம் மோடைத் தனித்தனியாகப் போடவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

டாஸ்க்பாரின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டால், டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளுகிறது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டில் போய்ப் படத்தைச் சுருக்குவது தவறான வைத்தியம். எழுத்து மேலும் மங்கும். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்து மங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல டிவிகள் வண்ணத் தகவலைச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு ஒரே வண்ணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. சினிமாவில் கண்ணுக்குத் தெரியாது. கருப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தைத் தட்டிப் பாருங்கள், ஓரம் கரைந்து தெரியும். இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே பல டிவிகளில் இது தீர்ந்துவிடும். கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸில், வண்ணத்தைச் சுருக்காமல் அனுப்பும் ஆர்ஜிபி தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருப்பு சாம்பலாக வெளுத்தாலோ, இருட்டுக் காட்சியில் எதிரி கண்ணுக்கே தெரியாமல் போனாலோ, கருப்பு முதல் வெள்ளை வரை எண்ணும் அளவு கம்ப்யூட்டரிலும் டிவியிலும் ஒரு பக்கம் 0-255, மறுபக்கம் 16-235 என்று மாறிக் கிடக்கிறது, இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு கிராபிக்ஸ் கார்டைத் திட்டாதீர்கள்; கார்டின் போர்ட்டில்தான் செருகவேண்டும். 4கே டிவியில் படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லையா? எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 போர்ட்டின் எல்லை அது. 60 ஹெர்ட்ஸுக்கு 2.0, சுருக்காத 120 ஹெர்ட்ஸுக்கு 2.1 வேண்டும். போர்ட் சரியாக இருந்தும் வராவிட்டால், அந்த இன்புட்டின் முழு வேகத்தைத் திறக்கும் செட்டிங் டிவி மெனுவில் அணைந்திருக்கலாம்.

செட்டிங்ஸால் தீராதது பேனலின், அதாவது திரையின், பிக்சல் கணக்கு. 'எச்டி ரெடி' என்று வரும் 32 அங்குல டிவிகள் பெரும்பாலும் 1366×768 பிக்சல்தான். 1080 சிக்னலை வாங்கிக்கொண்டு உள்ளே அமுக்கிக் காட்டுகின்றன. அதில் எழுத்து என்றைக்கும் தெளியாது.

இந்த விவரத்தைத்தான் அட்டைப்பெட்டியில் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. 'மோஷன் ரேட்' என்று பெரிய எண்ணைப் போடுகிறார்கள்; பேனலின் உண்மையான வேகம் 60 ஹெர்ட்ஸாகவே இருக்கலாம். பேனலின் பிக்சல், உண்மையான ஹெர்ட்ஸ், கேம் மோடில் எத்தனை மில்லி விநாடி தாமதம் ஆகிய மூன்றையும் தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேலேயே அச்சிடவேண்டும். தங்கள் நாளிதழில் வரும் டிவி மதிப்புரைகளிலும் இந்த மூன்று எண்களைத் தவறாமல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்