மறுகட்டுமானப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டிய வேலை முடிந்து எல்லாரும் குடியேறிவிட்டோம். வரவு செலவுத் தாள் கீழே அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ரசீது பார்க்க வேண்டியவர்கள் பொருளாளரிடம் கேட்கலாம். அந்தத் தாளில் வராத விஷயங்கள்தான் இந்த அறிக்கை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய பிறகு சென்னையில் எழுந்த முதல் தலைமுறைக் கட்டடங்களில் நம்முடையதும் ஒன்று. இடிக்கப்போகிறார்கள் என்றதுமே, நகரின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அதனால் முதல் கூட்டத்தில் வரைபடத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதே இடத்துல தருவாங்களா, எழுத்துல தருவாங்களா?" என்பதே எல்லாருக்கும் கேள்வி. எழுத்தில் வந்த பிறகுதான் மற்ற பேச்சே ஆரம்பமானது.

வரைபடத்தில் வீடு 400 சதுர அடி. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தோம். சமையலறைக் கதவைத் திறந்தால் பிரிட்ஜைத் திறக்க முடியாது என்று கண்டுபிடித்தவர்கள் மகளிர் குழுப் பெண்கள். பொறியாளர் அங்கேயே நின்று வரைபடத்திலிருந்து அந்தக் கதவை அடித்து நீக்கிவிட்டார். அப்புறம் ஒரு பெரியவர் கேட்டார்: "மாடிப்படி திருப்பத்துல பாடை திரும்புமா?" பழைய பிளாக்கில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கியதை நாம் பார்த்திருக்கிறோம், ஒருவரும் சிரிக்கவில்லை. படி அகலமானது அந்தக் கேள்வியால்தான்.

தள்ளுவண்டிகளுக்குக் கூரை போட்ட ஓரம் கிடைத்தது. பிளக் பாயிண்ட் கிடைக்கவில்லை. குலுக்கலில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள வீடுகளுக்குத் தரைத்தளத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சீட்டு எடுத்தார்கள்.

பணத்தில்தான் நம் குரல் அதிகம் எடுபடவில்லை. வெளியே தங்குவதற்கான கருணைத் தொகை 2021-ல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆனது உதவிதான். ஆனால் பலருக்கு அது வாடகை அட்வான்சுக்கே போய்விட்டது. புது வீட்டுக்கு நாம் கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்பது நம் கூட்டத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. தவணையை மட்டும் கேட்டு வாங்கினோம். அதையும் மகளிர் குழுக் கடனில் கட்டியவர்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த வீடு என்று சொல்லும்போது இந்த வட்டியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை தாத்தா பெயரில். வீட்டில் இருப்பதோ மூன்று குடும்பம். ஆணைக்கு ஒரு வீடுதான். மற்ற இரண்டு குடும்பமும் தெருவுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கின்றன. அவர்கள் பெயர்ப் பட்டியலை மனுவோடு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

பராமரிப்புக் கட்டணம் பற்றியும் ஒன்று. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் நாம் வசூலிக்கும் அளவுக்கு அரசும் சேர்த்துத் தருகிறது. நாம் கட்டாவிட்டால் அதுவும் வராது. லிஃப்டில் ஏறுவதில்லை, எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்கும் தரைத்தளத்தாருக்கு: தண்ணீர் மோட்டாரும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. பாக்கி வைத்திருப்பவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்குள் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு