சிலுவைப் போருக்கு மதவெறி மட்டுமே காரணம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயிறு சிலுவைப் போர் பற்றி வந்த கட்டுரைய மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில வச்சு வாசிச்சனான், நல்லாத்தான் கிடக்கு, ஆனா எல்லாத்தையும் மதவெறி எண்ட ஒரு சொல்லுக்க அடக்கினது எனக்குச் சரியாப் படேல்ல. 1095ல பாப்பரசர் இரண்டாம் அர்பன் பிரான்சின்ர கிளர்மொண்டில நிண்டு, ஜெருசலேமை முஸ்லிம்களிட்ட இருந்து பிடிக்கப் படையெடுத்துப் போகச் சொல்லிக் கூப்பிட முதலே, துருக்கியரிட்ட நிலத்தப் பறிகுடுத்த பைசாந்திய (கிழக்கு ரோம) கிறிஸ்தவச் சக்கரவர்த்தி உதவி கேட்டு ஆளனுப்பிட்டார், அங்கால ஐரோப்பாவில பிரபுமார் தங்களுக்க வெட்டுப்பட்டுக்கொண்டு நிண்டவை, அவையள வெளிய அனுப்பவும் இது வசதியாப் போச்சு. 1099ல ஜெருசலேமில நடந்த வெட்டுக்கொத்து எல்லாருக்கும் தெரியும். 1204தான் பெரிய பகிடி, சிலுவைப் படைக்காரர் கப்பல் காசு கட்டேலாமல் வெனிஸ்காரருக்குக் கடன்பட்டு, கடைசியில அதே பைசாந்தியத்தின்ர தலைநகரான, கிறிஸ்தவ நகரமான கொன்ஸ்தாந்திநோப்பிளையே சூறையாடினவை! அதால கிழக்குத் திருச்சபைக்கும் ரோமுக்கும் வந்த மனக்கசப்பு லேசில ஆறேல்ல, 2001ல பாப்பரசர் ஏதென்சுக்குப் போய்க் கடவுளிட்ட மன்னிப்புக் கேட்டவர், கிட்டத்தட்ட 800 வருசம் கழிச்சு. ஆனா அங்கயிருந்து தூக்கின நாலு செப்புக் குதிரையும் இன்னும் வெனிஸிலதான் நிக்குது.

எங்கட சண்டையிலயும் அப்பிடித்தான், 2009ல மாத்தளனில விட்டிட்டு வந்த அப்பாவின்ர லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின ஆர் கொண்டு போனதெண்டு அம்மா இண்டைக்கும் கேட்டபடி.

இப்படிக்கு,
வன்னி வாசகன்