அக்காவுக்கு: பிள்ளைகளின் டிஸ்னிலாண்ட் பயணம் பற்றி

பாரிஸ்,
சித்திரை, 2025.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் கடிதமும், அதன் அடியில் அம்மா தன் கையால் எழுதிய இரண்டு வரிகளும் போன கிழமை கிடைத்தன. நான் கடிதம் எழுதி நெடுங்காலமாகிவிட்டது என்று அம்மா எழுதியிருப்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சுகமாகவே இருக்கிறேன். மருமகன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த விடுமுறைக்கு இங்கே வர எண்ணியிருக்கிறான் என்பதை வாசித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. கொழும்பு முகவர் டிஸ்னிலாண்டுக்கும் விடுதிக்கும் சேர்த்துக் கேட்ட தொகையை அத்தான் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அந்தத் தொகைக்குத் தயவுசெய்து உடன்பட வேண்டாம். அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்த வழி உண்டு என்பதைச் சொல்லவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு வழிகாட்டி, கீழ்மாடியில் இருக்கும் போர்த்துக்கேய அம்மாதான். முன்பு ஒரு முறை தொலைபேசியில் அவருடைய சத்தம் கேட்டு, யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்று நீங்கள் பயந்தீர்களே, அவரேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கீரையும் உருளைக்கிழங்கும் போட்டு அவர் காய்ச்சும் சூப், நம் வீட்டு இலைக்கஞ்சியைப் போலவே பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதை ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை கதவடியை விட்டு அசையமாட்டார். வாழ்நாள் முழுவதும் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்த காசில் தன் பேரப்பிள்ளைகளை எல்லா இடங்களுக்கும் கூட்டிப்போனவர் அவர். மலிவுச் சீட்டு அறிவித்தல்களை இன்றும் ஒரு பிஸ்கட் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது பிள்ளைகளின் வயதைத்தான்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அங்கே மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு நுழைவுச்சீட்டே தேவையில்லை. மூன்றிலிருந்து பதினொரு வயது வரை சிறுவர் சீட்டு; அதன் விலை பெரியவர்களின் விலையைவிடச் சிறிதளவே குறைவு. வயதை வாசலுக்குப் போகும் நாளில்தான் கணக்கிடுவார்கள். சின்னவளுக்கு ஓகஸ்ட் கடைசியில்தான் மூன்று வயது நிறைகிறது. ஆகவே ஓகஸ்ட் முதல் இரண்டு கிழமைகளுக்குள் போனால் அவளுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். பாடசாலை தொடங்கிய பின் செப்ரெம்பரில் கூட்டமும் விலையும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது சின்னவளுக்கும் சீட்டு வாங்க வேண்டும், மூத்தவனுடைய படிப்பும் தடைப்படும். அதனால் ஓகஸ்டே நல்லது என்று நினைக்கிறேன்.

சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். ஒரே பூங்காவுக்கு, மலிவான நாளுக்கும் நெருக்கடியான நாளுக்கும் இடையில் ஒரு ஆளுக்கு 30 யூரோவுக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. சனி, ஞாயிறு வேண்டாம். ஓகஸ்ட் 15 இங்கே பொது விடுமுறை. அந்த நாளும் அதை ஒட்டிய நாட்களும் வேண்டாம். செவ்வாய் அல்லது வியாழன் பார்த்துத் திகதி குறித்த சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். திகதி குறிக்காத சீட்டும் உண்டு; அது நெடுநாள் செல்லும் என்பதால் விலை கூடியது, நமக்குத் தேவையில்லை. பெரிய நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு ஊழியர் குழு மூலம் விலை குறைத்துக் கொடுப்பார்கள். நான் வேலை செய்யும் உணவகம் சிறியது. குஞ்சியப்பாவின் மகனுக்கு அந்த வசதி இருக்கிறது. ஆனால் அது அவனுடைய வீட்டாருக்கு உரியது, நாம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது.

பூங்காக்கள் இரண்டு இருக்கின்றன. 1992இல் திறந்த பெரிய பூங்காவில்தான் அந்தக் கோட்டை இருக்கிறது. 2002இல் திறந்த மற்றது அதன் பக்கத்தில். முகவர் இரண்டுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார். அதற்குச் சம்மதிக்கும் முன் மூத்தவனைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து எனக்கு எழுதுங்கள். சுரங்க வண்டி மலை என்ற விளையாட்டில் ஏற 102 சென்ரிமீற்றர், விண்வெளி மலைக்கு 120, இந்தியானா ஜோன்ஸ் வண்டிக்கு 140 வேண்டும். ஏற முடியாத விளையாட்டுகளுக்காக வரிசையில் நின்று பிள்ளை அழுவதைக் காண எனக்கு மனம் வராது. அவன் 120ஐ எட்டாவிட்டால் பெரிய பூங்கா மட்டுமே ஒரு முழு நாளுக்குத் தாராளமாகக் காணும். கோட்டையின் கீழே குகைக்குள் ஒரு பெரிய டிராகன் தலையசைத்து உறுமிக்கொண்டு படுத்திருக்கிறதாம். அதற்கு உயரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, சின்னவளும் பார்க்கலாம். பெரிய விளையாட்டுகளில் தாயும் தகப்பனும் சின்னவளை மாறி மாறி வைத்துக்கொண்டு, மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறுவதற்கும் ஒழுங்கு உண்டு; வாசலில் நிற்பவரிடம் கேட்டால் போதும். வரிசையைத் தாண்டிப் போக ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காசு வாங்குகிறார்கள். அதை வாங்க வேண்டாம், காலையில் திறக்கும் முன்பே வாசலில் நின்றால் அந்தக் காசு மிச்சம்.

போக்குவரத்துக்கு முகவர் போட்டிருக்கும் வாகனமும் வேண்டாம். A என்ற புறநகர்த் தொடருந்துப் பாதையின் கடைசித் தரிப்பிடமான ஷெஸி பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய நாற்பது நிமிடம். வன்சென் தரிப்பிடம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும், ஆகவே ஷெஸி என்று போட்ட தொடருந்தைப் பார்த்து ஏற வேண்டும். முன்பு ஒரு வழிக்கு 5 யூரோ எடுத்தார்கள். இந்த வருடம் தையிலிருந்து 2.50 யூரோதான், நான்கு வயதுக்குக் கீழ் இலவசம், பத்து வயதுக்குக் கீழ் அரைவிலை.

சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே ஒரு குடும்பம் மதியம் சாப்பிடும் காசில் நான் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் ஒரு கிழமைக்குச் சாமான் வாங்கிவிடுவேன். பெரிய குளிர்ப்பெட்டியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோக விடமாட்டார்கள். பையில் வைக்கும் சிறு சாப்பாட்டுக்குத் தடையில்லை. விடியற்காலை எழும்பி றோல்ஸும், சம்பல் பூசிய பாணும், மூத்தவனுக்கு உறைப்பில்லாத கொழுக்கட்டையும் செய்து தருவேன். இவ்வளவு பேருக்குச் சமைத்துப் பல காலமாயிற்று. தண்ணீருக்கு வெறும் போத்தல்கள் போதும், குழாய்கள் உள்ளே இருக்கின்றன. ஓகஸ்டிலும் மழை பெய்யும், ஆகவே மழைச்சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். சின்னவளுக்கு இளவரசி உடுப்பை உள்ளே வாங்கினால் கொள்ளை விலை. சின்னமாமியிடம் சொல்லி அவருடைய பழைய நீலப் பட்டில் ஒன்று தைப்பியுங்கள்.

மறுநாளுக்கு நான் வேறோர் இடம் வைத்திருக்கிறேன். லூவ்ர் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், துய்லெரி தோட்டத்தில் கோடை முழுவதும் களியாட்டத் திருவிழா நடக்கும். உள்ளே போகக் காசில்லை. ஏறும் இராட்டினத்துக்கு மட்டும் கொடுத்தால் சரி. வேலை முடிந்து சில இரவுகளில் அந்த வழியாக நடந்து வருவேன். வெளிச்சத்தையும் கச்சான் வறுக்கும் வாசனையையும் கண்டால் நல்லூர்த் திருவிழாக் கடைத்தெருவே நினைவுக்கு வருகிறது அக்கா. தேரன்று ஐயா என்னைத் தோளில் தூக்கிவைத்திருக்க, நீங்கள் என் காலைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்று உங்களுக்கு அவ்வளவு பயம். இங்கே என் காலைப் பிடிக்க ஒருவரும் இல்லை. பிள்ளைகள் தேருக்கு முன் ஊர் திரும்பிவிடலாம். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள், அவர் அதற்காகவே கவலைப்பட்டிருப்பார்.

விசாவுக்கு, அவர்களை என் வீட்டில் தங்கவைப்பேன் என்று காட்டும் வரவேற்புச் சான்றிதழைக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நகரசபையில் வீட்டின் அளவும் சம்பளச் சீட்டுகளும் காட்ட வேண்டும். நான் இப்போது வேலைக்குக் கிட்டவாக இருக்கட்டும் என்று சிறிய அறைக்கு மாறியிருப்பதால், மருமகன் விடுதிப் பதிவைக் காட்டுவதே சுலபம். தொடருந்துப் பாதையில் தோர்சி, புசி பக்கம் உள்ள விடுதிகள் பூங்காவின் சொந்த விடுதிகளைவிட மலிவு. நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புகிறேன். விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45, சின்னவளுக்கு இல்லை. விசா கைக்கு வந்த பிறகே பூங்காச் சீட்டு வாங்க வேண்டும். மூத்தவனுடைய சீட்டு என்னுடைய பரிசு; அதற்காக மாலையில் சில மணித்தியாலம் கூடுதலாக வேலை எடுத்திருக்கிறேன், வெறும் அறையில் இருப்பதைவிட அது எனக்கும் நல்லது.

கிணற்றுக் கட்டு இடிந்ததை எழுதியிருந்தீர்கள். மழைக்கு முன் கட்டிவிட வேண்டும்; மேசனிடம் கூலியையும் சீமெந்துக் கணக்கையும் வேறு வேறாக எழுதி வாங்குங்கள். இந்த மாதக் காசு இரண்டு கிழமை பிந்தி வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவின் கண் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். வடக்குக் காணியின் எல்லை விடயத்தில் கடையடி மாமா சொல்வதை மட்டும் கேட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். உறுதியின் பிரதியை மருமகனிடம் கொடுத்துவிடுங்கள், நான் இங்கே வாசித்துப் பார்க்கிறேன். ஐயாவின் திவசத் திகதியையும், மூத்தவனின் உயரத்தையும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி