காலை யோகாசன வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்தின் மற்றப் பணிகளை மாதக் கூட்டங்களிலேயே பேசி முடித்துவிட்டதால், இந்த அறிக்கை சங்கக் கூடத்தில் நடக்கும் காலை யோகாசன வகுப்பைப் பற்றி மட்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கான பாடத்தை இந்த ஆண்டு மாற்றி அமைத்தோம். ஏன் மாற்றினோம் என்பதுதான் உறுப்பினர்கள் பலரின் கேள்வி.

முன்பெல்லாம் முதல் நாளே பத்மாசனம் (இரு பாதங்களையும் எதிர்த் தொடைமேல் ஏற்றி உட்காருவது), முதல் வாரமே சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளும். வந்த புகார்கள் பெரும்பாலும் முழங்காலைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும்தான். முழங்கால் கதவுக் கீல் மாதிரி மடங்கி நிமிரும் மூட்டு. திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பத்மாசனத்தில் தொடை திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு அந்த மூட்டு இறுகிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் பாதத்தைப் பிடித்துத் தொடைமேல் ஏற்றினால், திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும்.

ஆகவே இப்போது தொடக்கம் சுகாசனம், அதாவது சாதாரணச் சம்மணம். உட்காரும் இடத்தில் போர்வையை மடித்து வைத்து, முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்து வரும்வரை உயரத்தைக் கூட்டுகிறோம். உயரம் போதாவிட்டால் முதுகு கூன் போடும், ஐந்தே நிமிடத்தில் நடுமுதுகு வலிக்கும். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் முட்டி வலிப்பவர்கள் தொடைக்கும் ஆடுதசைக்கும் நடுவில் துண்டைச் சுருட்டி வைக்கலாம். அப்படியும் வலித்தால் விட்டுவிட வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. ‘நாற்காலியில் உட்கார்ந்தால் அது யோகமா?’ என்று கேட்டவர்களுக்கு: ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்றுதான் யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்கிறார். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதும் நாம் கண்டுபிடித்ததல்ல. மைசூரில் கற்பித்துவிட்டு 1950களில் சென்னைக்கு வந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் அப்படித்தான் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய ‘கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்’ என்ற பயிற்சி நிலையமும் அந்த வழியில் வந்ததே.

முதல் 4 வாரங்களுக்கு வகுப்பு 40 நிமிடம். 10 நிமிடம் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் தளர்த்தல். பிறகு நேராக நிற்கும் தாடாசனம், மடித்த காலோடு முன்குனிதல், குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம். ஒவ்வொன்றிலும் 5 மூச்சு, இரண்டு முறை. பட்டியல் சின்னதுதான், ஆனால் தவறு நடக்கும் இடம் இதிலும் உண்டு.

முன்குனிதலில் கால்விரலைத் தொட்டே தீர வேண்டும் என்று போட்டி போடுகிறார்கள். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு முன்னே சாயாது. வளைவு முழுவதும் கீழ்முதுகுக்குப் போய்விடும். முட்டியை மடித்து, வயிறு தொடையைத் தொடும்படி குனிந்தால் போதும். புஜங்காசனத்தில் கையை முழுக்க நீட்டி எக்குவதும், தலையைப் பின்னால் வீசுவதும் வழக்கமான பிழைகள். தொப்புள் தரையை விட்டுப் பெரிதாக எழக் கூடாது. முழங்கை மடிந்திருக்க வேண்டும். தோள் காதை விட்டு விலகியிருக்க வேண்டும். உள்ளங்கையை ஒரு கணம் தூக்கிப் பாருங்கள். நெஞ்சு கீழே விழுந்தால், தூக்கியது முதுகல்ல, கைதான்.

சூரிய நமஸ்காரம் 5ஆம் வாரம், அதுவும் 2 சுற்றில் தொடங்கி. தலைகீழாக நிற்கும் சிரசாசனம் தொடக்க வகுப்பில் கிடையாது. கழுத்து எலும்பு தாங்கும் பாரத்தை ஆசிரியர் வெளியிலிருந்து கண்ணால் அளக்க முடியாது என்பதே காரணம்; இதில் சலுகை கேட்க வேண்டாம்.

மூச்சுப் பயிற்சியாக நாடிசுத்தி மட்டும். வலது கைப் பெருவிரலால் வலது மூக்கை அடைத்து இடதில் இழுப்பது. மோதிர விரலால் இடதை அடைத்து வலதில் விடுவது. மறுபடி வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 4 எண்ணும் வரை இழுத்து 6 எண்ணும் வரை விட வேண்டும். அடக்குவது இல்லை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. விடுமூச்சை நீட்டும்போது படபடப்பு தணிவதற்கு அதுவும் ஒரு காரணம். 5 சுற்று போதும். தலை சுற்றினால் பலமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

கடைசி 7 நிமிடம் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்து ஓய்வெடுப்பது. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று இதை விட்டுவிட்டு ஓடுபவர்கள் அதிகம். அவர்கள் இரண்டு ஆசனத்தைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். எழும்போது வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி மெல்ல எழ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டலாம்.

சேர்க்கைப் படிவத்தில் உடல்நிலையை மறைக்காமல் எழுதுங்கள். உயர் இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைச் செய்யக் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர்களும் புஜங்காசனத்தைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பில் டிஸ்க் விலகியவர்களுக்கு முன்குனிதல் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரட்டும். அவர்களுக்குக் குப்புறப் படுக்கும் ஆசனங்கள் இல்லை. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம், பையில் சர்க்கரை இருக்கட்டும். மற்றவர்கள் டிபனுக்குப் பின் 2 மணி நேரம், முழுச் சாப்பாட்டுக்குப் பின் 4 மணி நேரம் கழித்துச் செய்யலாம்.

பலன்களைப் பற்றித் துண்டறிக்கையில் முன்பு அச்சிட்டிருந்த ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்ற வரியை நீக்கிவிட்டோம். நாள்பட்ட கீழ்முதுகு வலி குறைய யோகா உதவும் என்பதை அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏற்கிறது. தூக்கம், மனப் பதற்றம், உடல் சமநிலை ஆகியவற்றிலும் பயன் உண்டு. மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் முடிவு, வகுப்பின் முடிவல்ல. நடைப்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்புக்கு இந்த மெதுவான ஆசனங்கள் ஈடாகா.

கூடத்தின் மொசைக் தரையில் ஜமுக்காளம் வழுக்குகிறது. ஆளுக்கொரு பாய், 6 மில்லிமீட்டர் கனத்தில், வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். ஜூன் 21 யோகா தினத்தன்று வழக்கமான வகுப்பே நடக்கும். அன்று மட்டும் வந்து 108 சூரிய நமஸ்காரம் செய்யும் நிகழ்ச்சியைச் செயற்குழு கைவிட்டுள்ளது.

இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்